சோதனை அறிக்கையில் தோன்றும் சங்கேதங்கள்

தாம் எழுதிய நிரலைத் தானியங்கிச் சோதனைக் கருவியிடம் ஒப்படைத்து, அது தரும் அறிக்கையைக் கோப்பொன்றில் சேமித்துப் படிப்பவர்கள், 'பாஸ்', 'ஃபெயில்' என்னும் சொற்களுக்கு அருகே சதுர அடைப்புக்குறியும் 32 அல்லது 31 என்ற எண்ணும் சிறிய 'எம்' எழுத்தும் சேர்ந்து நிற்பதைக் கண்டு, கருவி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகிப்பது இன்றும் சாதாரணமாக நிகழ்கிறது. பழுது ஏதுமில்லை, அவை நெடுங்காலத்துக்கு முன் வகுக்கப்பட்ட ஆணைகள்.

கணினியோடு உரையாட, காகிதச் சுருளில் வினாடிக்கு 10 எழுத்து வீதம் அச்சிட்ட டெலிடைப் இயந்திரங்களே போதுமெனக் கருதப்பட்ட 1960களில், பின்வருவதை எழுத்தாகக் கொள்ளாமல் வேறு பொருளில் கொள்க என அறிவிக்கும் 'எஸ்கேப்' என்ற குறியை பாப் பெமர் என்பவர் முன்மொழிந்தார்; ஆஸ்கி குறிமுறையில் அதன் எண் 27. கண்ணாடித் திரைகள் வந்ததும் அக்குறிக்கு ராஜயோகம் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தனிச் சங்கேதம் வகுத்துக்கொண்டமையால், ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாத விபரீதமும் உடன் விளைந்தது. பெர்க்லியில் பில் ஜாய், திரைகளின் குணாதிசயங்களையெல்லாம் 'டெர்ம்கேப்' என்ற தொகுப்பில் பதிந்துவைத்ததும் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான். 1976இல் ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர் சங்கம் எக்மா-48 என்ற பொதுத் தரத்தை வெளியிட, 1978இல் டெக் நிறுவனத்தின் விடி100 திரை அவ்வழியைத் தழுவிப் பிரசித்தி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், 31 சிவப்பு, 32 பச்சை என்று அந்தத் தரத்தில் இடம்பெற்ற வர்ண எண்களுக்கு, வர்ணமே அறியாத விடி100இல் ஒரு பயனும் இருந்ததில்லை.

சோதனைக் கருவிகளும் ஆதியில் வர்ணத்தை நாடவில்லை. 1987இல் வெளிவந்த பெர்ல் மொழியின் சோதனைகள் 'ஓகே', 'நாட் ஓகே' என்று வரிசை எண்ணோடு எழுதியதோடு திருப்தியடைந்தன. 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்திலேயே உருவாக்கத் தொடங்கிய ஜேயூனிட், வெற்றிக்குப் பச்சைப் பட்டை, தோல்விக்குச் சிவப்புப் பட்டை என்ற ருசியைப் பரப்பிவிட்டது. அந்த ருசி டெர்மினலுக்கும் தொற்றியபோது பழைய எண்கள் மீண்டும் உயிர் பெற்றன.

தன் எழுத்து செல்லுமிடம் திரையா கோப்பா என்று விசாரித்தறிய யூனிக்ஸில் வழியிருந்தும், விசாரியாமலே வர்ணம் பூசும் கருவிகள் இருக்கின்றன. திரைதான் என்று நம்பவைக்கப்பட்டு ஏமாறுவனவும் உண்டு. மறுபுறம், விண்டோஸ் என்.டி. வழிவந்த கட்டளைச் சாளரம் இந்தச் சங்கேதங்களைத் தானே புரிந்துகொண்டது விண்டோஸ் 10 காலத்திலேதான். வர்ணம் வேண்டாதார்க்கென 'நோ கலர்' என்னும் சூழல் மாறி 2017இல் முன்மொழியப்பட்டது. அந்நியக் குறிகளைக் கண்டவுடன் கருவியை அழித்து மறுபடி நிறுவ முற்படும் அன்பர்கள், அதற்கு முன் அந்த மாறிக்கு ஒரு மதிப்பிட்டுச் சோதனையை மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்களாக.