பொருத்தலும் கழற்றலும்

முழங்கால் தேய்ந்து நடை தளர்ந்தோர்க்கு உலோக மூட்டுப் பொருத்துதல் இன்று நம் நாட்டிலும் பரவியுள்ள சிகிச்சையாகும். எனினும் பொருத்திய மூட்டு என்றும் நிலைப்பதன்று. அது தளரலாம், கிருமி பற்றலாம். அப்பொழுது பழையதைக் கழற்றிய பின்னரே புதியதை வைத்தல் இயலும். பொருத்துவதினும் கழற்றுவது அரிது என்பதை இச்சிகிச்சையின் வரலாறே நமக்கு உணர்த்துகின்றது.

1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வைத்தியர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக், காசநோயால் அழிந்த முழங்காலில் யானைத் தந்தத்தாலான கீல் மூட்டைப் பொருத்தினார். நோய்க் கிருமியை வெல்லும் மருந்து அந்நாளில் இல்லை, அம்முயற்சி நிலைபெறவில்லை. 1951-இல் சுவீடன் நாட்டு வால்டியஸ் கீல் மூட்டை மீண்டும் கொணர்ந்தார். கீலோ மடங்கி நிமிர்வது மட்டுமே அறியும். இயற்கை முழங்காலோ சிறிது திரும்பவும் செய்யும். அத்திருப்பத்தின் விசை முழுவதும் எலும்பின்மேல் விழவே, கீல் மூட்டுகள் நாளடைவில் தளர்ந்தன.

பிடிப்பை உறுதியாக்கும் வழியை இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டில் காட்டினார். அவர் கையாண்ட அக்ரிலிக் சிமெண்டு பின்னர் முழங்காலுக்கும் வந்தது. 1974-இல் நியூயார்க்கில் இன்சால் முதலியோர் கையாளத் தொடங்கிய மூட்டும் சிமெண்டினாலேயே நிறுத்தப்பட்டது. இச்சிமெண்டு பசைபோல் ஒட்டுவதன்று. எலும்பின் நுண்துளைகளிற் புகுந்து இறுகிப் பிடிப்பது. மூட்டைக் காத்த அப்பிடிப்பே, கழற்றுங்கால் இடராகின்றது.

உலோகத்தை வலிந்து இழுத்தால் எலும்பும் உடன் பெயர்ந்து வரும். சில வேளை முறிந்தும் போகும். விறைத்த முழங்காலை வலிந்து மடக்கினால், முழங்காற் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் தசைநாண் அறுந்துவிடக்கூடும். பின்னர்க் காலை நிமிர்த்துவது அரிதாகும். ஆதலின் வைத்தியர் முதலில் மெல்லிய உளிகளால் உலோகத்தையும் சிமெண்டையும் பிரிக்கின்றனர். பின்னரே சிமெண்டைச் சிறிது சிறிதாக அகற்றுகின்றனர். கம்பி வாளும் இதற்குத் துணையாகின்றது. தடைப்பட்ட பிரசவத்தில் தாயின் இடுப்பெலும்பை அறுப்பதற்காக, இத்தாலிய வைத்தியர் ஜிக்லி 1894-இல் விவரித்த கருவி அது!

கிருமி பற்றிய மூட்டில் அவசரம் உதவாது. மூட்டைக் கழற்றி, ஆறு வாரம் மருந்து செலுத்தி, அதன்பின் புதியது வைக்கும் இருபடி முறையை 1983-இல் இன்சால் குழுவினர் வெளியிட்டனர். அம்முறை இன்றும் பயில்கின்றது.

ஆகவே, கழற்றுவோரின் திறமைக்கு அளவுகோல் விரைவன்று, எஞ்சிய எலும்பேயாம். மூட்டுப் பொருத்திக்கொண்டோர் அதன் பெயரும் அளவும் குறித்த மருத்துவமனைச் சீட்டைப் பேணிக் காத்தல் நலம். பின்னொரு நாள் அதற்கேற்ற கருவிகளை வைத்தியர் முன்னரே ஆயத்தம் செய்துகொள்ள அச்சீட்டு வழிகாட்டும்.