மூன்றாம் வட்டு: யுனிக்ஸில் பயனர் கோப்புறைகள் இடம்பெயர்ந்தது எப்போது?

பயனர் கோப்புறைகளை இயங்குதளத்தின் வட்டிலிருந்து பிரித்து வேறு வட்டில் வைக்கும் வழக்கத்துக்கு, நிரலாளர் ராப் லேண்ட்லி 2010இல் தந்த விளக்கத்தையே இன்று பலரும் எடுத்தாளுகிறார்கள். 1971 வாக்கில் பெல் ஆய்வகத்தின் பி.டி.பி.-11 கணினியில் இரண்டு ஆர்.கே.05 வட்டுகள் இருந்தன. முதலாவதில் இயங்குதளம், இரண்டாவதில் ‘யூ.எஸ்.ஆர்.’ என்ற பெயரில் பயனர் கோப்புகள். இயங்குதளம் பெருத்து இரண்டாம் வட்டிலும் புகுந்தது. மூன்றாம் வட்டு வந்ததும் பயனர்கள் ‘ஹோம்’ கோப்புறைக்கு மாற்றப்பட்டார்கள் என்பது அவர் வாசிப்பு. கதை மிகச் சீராக இருக்கிறது. ஐயம் எழுவதும் அதனால்தான்.

வட்டு ஒவ்வொன்றும் 1.5 மெகாபைட் என்கிறார் லேண்ட்லி. யுனிக்ஸை உருவாக்கிய ரிச்சியும் தாம்ப்சனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையோ கழற்றி மாட்டும் சிறிய வட்டுகளுக்கு 2.5 மெகாபைட் என்று கணக்குத் தருகிறது. இது சிறு பிழை. முக்கியமானது, தொடக்க கால பி.டி.பி.-11இல் வேர்க்கோப்புறை ஆர்.கே. வகை வட்டிலேயே இல்லை. அரை மெகாபைட் கொண்ட நிலைத்தலை வட்டில் இருந்தது. ஆகவே இடநெருக்கடி அவர் சொன்னதைவிடக் கடுமையானது. இவ்வளவில் அவர் வாதம் வலுப்படவே செய்கிறது.

1972இன் அச்சுப்படியிலிருந்து மீட்கப்பட்ட யுனிக்ஸ் முதற்பதிப்பின் மூலநிரலில், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் ‘இனிட்’ நிரலின் ஒரு வரி என்னை நிறுத்தியது. அதில் இருப்பவை மூன்றே சொற்கள்: ‘மவுண்ட்’ என்ற கணினி அழைப்பு, ‘ஆர்.கே.0’ என்ற சாதனம், ‘யூ.எஸ்.ஆர்.’ என்ற கோப்புறை. இரண்டாம் வட்டை இணைக்கும் கட்டளை அந்த வட்டிலேயே இருந்தால் கணினி எழும்பாது, அதனால்தான் அடிப்படைக் கட்டளைகள் முதல் வட்டில் தங்கின என்பார் லேண்ட்லி. ஆனால் இங்கே தனிக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. ‘இனிட்’ தானே நேரடியாக இணைத்துவிடுகிறது. முதல் வட்டில் இருந்தே தீர வேண்டியது ‘இனிட்’ மட்டும்தான். ஆக, அவர் சொல்லும் விதி பின்னாளில் உருவாகி முன்னாளுக்கு ஏற்றப்பட்டது என்றே கொள்கிறேன். ஒற்றை வரியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். எதிர்த்தரப்பில் அந்த ஒரு வரியும் இல்லை.

இனி மூன்றாம் வட்டு. 1974 கட்டுரையின்படி வேர்க்கோப்புறை நிலைத்தலை வட்டில். பயனர் கோப்புகள் 40 மெகாபைட் பெருவட்டில். நான்கு சிறிய வட்டு இயக்கிகள் பயனர்கள் தத்தம் வட்டுகளை மாட்டிக்கொள்ள. மூன்றாம் வட்டென்ன, ஆறாம் வட்டே வந்துவிட்டது! ஆயினும் ‘ஹோம்’ பற்றிப் பேச்சில்லை. 1979இன் ஏழாம் பதிப்புக் கையேடும் பயனரின் தொடக்கக் கோப்புறையை ‘யூ.எஸ்.ஆர்.’ அடியில்தான் காட்டுகிறது.

இடம்பெயர்வதற்குத் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை. கடவுச்சொல் கோப்பில் பயனரின் தொடக்கக் கோப்புறை ஒரு புலம். அந்த வரியைத் திருத்தினால் போதும். சிக்கல் பழைய பாதையும் தொடர்ந்து செல்லுபடியாக வேண்டும் என்பதில்தான். ஒரு கோப்பமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க முடியாது என்று 1974 கட்டுரையே விதிவிலக்காகச் சொல்கிறது. 1983இல் 4.2 பி.எஸ்.டி. என்ற யுனிக்ஸ் பதிப்போடு, கோப்பமைப்பைக் கடந்தும் சுட்டக்கூடிய குறியீட்டு இணைப்பு வந்த பிறகே, கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டுப் பழைய பெயரையும் காப்பாற்ற முடிந்தது. பிறகு சன் நிறுவனத்தின் வட்டில்லாக் கணினிகள் ‘யூ.எஸ்.ஆர்.’ கோப்புறையை வலையமைப்பு வழியே பகிர்ந்துகொண்டன. பலர் படிக்க மட்டுமே பகிரும் இடத்தில் ஒருவர் தம் கோப்புகளை எழுதிவைக்க முடியாது. பயனர்களை அங்கிருந்து வெளியேற்றியது இந்தப் பகிர்வுதான், வட்டு நிரம்பியது அன்று என்பது என் துணிபு. ஆண்டை மட்டும் அறுதியிட முடியவில்லை; இடத்துக்கு இடம் வெவ்வேறு கோப்புறைப் பெயர்கள் புழங்கியதால் 1980களின் பிற்பகுதி என்பதோடு நிற்கிறேன்.

லேண்ட்லியின் இரண்டாம் வட்டை ஏற்கலாம். 1970களின் ஆவணம் ஒன்று ‘ஹோம்’ என்ற பெயரோடு கிடைக்கும்வரை, அவருடைய மூன்றாம் வட்டை வரலாறாக எழுதக் கூடாது.