இரு சூரியோதயங்களுக்கு இடையில் ஒரு பயணம்

அண்மையில் புலம்பெயர்ந்து வாழும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பேர்த்திலிருந்து இலண்டன் வரை எங்கும் தரிக்காமல் பறந்து வந்த களைப்பைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார். ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர், 17 மணித்தியாலம். 2018 மார்ச்சில் குவான்டாஸ் ஆரம்பித்த சேவை அது. எனக்கோ கொக்கலை ஏரி நினைவுக்கு வந்தது.

காலியிலிருந்து மாத்தறை வீதியில் செல்பவர்கள் அந்த ஏரியைக் கடந்திருப்பார்கள். 1943 ஜூன் முதல் 1945 ஜூலை வரை பேர்த்துக்கும் அந்த ஏரிக்கும் இடையே உலகின் மிக நீண்ட இடைத்தரிப்பற்ற விமான சேவை நடந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததுடன் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. எஞ்சியிருந்த ஒரே குறுக்குவழி இந்து சமுத்திரம். குவான்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கற்றலைனா கடல் விமானங்கள் அப்பணிக்கு விடப்பட்டன. வானத்து விண்மீன்களைப் பார்த்தே வழியறிய வேண்டியிருந்ததாலோ என்னவோ, அவற்றுக்கு விண்மீன்களின் பெயர்களையே சூட்டினார்கள்.

தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணித்தியாலம் போதும். மணிக்கு இருநூறு கிலோமீற்றர் அளவில் ஊர்ந்த கற்றலைனாவுக்குச் சராசரியாக 28 மணித்தியாலம் பிடித்தது; எதிர்க்காற்று வலுத்தால் 32ஐயும் கடக்கும். எரிபொருளே பெருஞ்சுமை. ஆகவே பயணிகள் மூவருக்கு மேல் இல்லை; சிறிதளவு அவசரத் தபால், அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது. ஜப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் கணித்தார்கள். வானொலியில் பேசவும் தடை. ஏறியவர் இறங்குவதற்குள் சூரியன் இருமுறை உதிப்பதைக் காண்பார். அதனால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் நிலைத்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரில் ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. இருநூற்றெழுபதுக்கும் மேற்பட்ட தடவைகள் கடலைக் கடந்தும் ஒரு விமானத்தையேனும் எதிரியிடம் இழக்கவில்லை.

ஆனால் இந்த வீரக்கதையை எழுதுவோர் பெரும்பாலும் விமானத்துக்குள்ளிருந்தே எழுதுகிறார்கள். ஏரிக்கரையிலிருந்து பார்த்தவர்களைப் பற்றிப் பேச்சில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணிக் கொக்கலைக்குப் போனேன். அங்கு சந்தித்த முதியவர் ஒருவர் விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தமது வீட்டு முற்றத்தில் நின்ற பலாமரம் எந்த இடத்தில் இருந்தது என்பதையே மீண்டும் மீண்டும் கைநீட்டிக் காட்டினார். பிரித்தானிய விமானப்படைத் தளம் அமைப்பதற்காக அக்கிராமத்தவர்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தார்கள். சிங்கள இலக்கியத்தின் பேராளுமையான மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த ஊர் அதுவே. அவருடைய வீடு இடிபடாமல் தப்பியது. இன்று அருங்காட்சியக வளாகத்தினுள் நிற்கிறது. அயல்வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பாதுகாப்பின் பெயரால் காணிகளை இழந்த வலிகாமம் வடக்கு மக்களை நான் பின்னாளில் சந்தித்தபோதும், அவர்களும் மரங்களையும் கிணறுகளையும் சொல்லித்தான் தங்கள் வீடுகளை அடையாளம் காட்டினார்கள். அங்கும் பலாலியில் ஒரு விமானத்தளம்தான். அதுவும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்ததே.

யுத்தம் முடிந்ததும் கற்றலைனாக்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. அமெரிக்காவிடமிருந்து கடன் உடன்படிக்கையில் பெற்றவை என்பதால் அவற்றை வைத்திருக்கவும் இயலவில்லை. அவுஸ்திரேலியக் கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். கொக்கலை ஓடுபாதை மட்டும் இன்றும் இலங்கை விமானப்படையின் வசம் இருக்கிறது.