துவக்கிற் பொறித்த நாய்

இங்கிலாந்தின் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்குகளின் பூட்டுத் தகடுகளிலே ஒரு காட்சி மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். மூக்கை நீட்டி, முன்னங்காலொன்றை உயர்த்தி, பறவை பதுங்கியிருக்கும் புதரை நோக்கி அசையாது நிற்கும் ஒரு நாய். இன்றும் பாட்டன் காலத்துத் துவக்கைச் செப்பனிடக் கொடுப்போருட் சிலர், தம்மோடு பல பருவங்கள் வேட்டைக்கு வந்து மாண்டுபோன நாயின் உருவத்தை அதிலே பொறித்துத் தருமாறு வேண்டுகின்றனர். வாயில்லாத் துணைக்கு நன்றி கூற விழையும் இவ்வுணர்வு ஏளனத்துக்குரியதன்று. ஆயினும், வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. அவ்வுலோகம் யாரை நினைவிற் கொள்கிறது? யாரை மறந்துவிடுகிறது?

முதலில், நாயும் துவக்கும் யாருக்கு உரியனவாய் இருந்தன என்பதை நோக்குவோம். 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம், அரச வேட்டைக் காடுகளில் வாழ்ந்த குடிகளின் நாய்களுக்கு முன்னங்காலின் மூன்று நகங்கள் வெட்டப்படவேண்டும் என்ற வழக்கத்தை ஒழுங்குபடுத்தியதேயன்றி ஒழிக்கவில்லை. மன்னனின் மானைத் துரத்த அந்நாய்களால் இயலாதிருக்கவேண்டும் என்பதே நோக்கம். 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஆண்டுக்கு 100 பவுண் வருமானம் தரும் சொந்த நிலமோ அதற்கொத்த தகுதியோ இல்லாதவர், தம் வயலிலே மேயும் முயலைக்கூட வேட்டையாடல் ஆகாது. துவக்கோ வேட்டை நாயோ வைத்திருத்தலும் ஆகாது. நிலப்பிரபுவின் காவலர் வீடு புகுந்து அவற்றைப் பறிக்கலாம். நிலத்தகுதி பற்றிய இவ்விதி நீங்கியது 1831இலேதான். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1828இல், இரவிற் களவாக வேட்டையாடி மூன்றாம் முறை பிடிபட்டவரை ஏழாண்டு நாடுகடத்தலாம் எனப் பாராளுமன்றம் விதித்திருந்தது. ஆகவே, கனவானின் நாய் வெள்ளி போல் மின்னும் தகட்டிலே இடம்பெற்றது. ஏழையின் நாயோ குற்றத்தின் சான்றாயிற்று.

இனி, அத்தகட்டை ஆக்கியவர்களிடம் வருவோம். 19ஆம் நூற்றாண்டிலே துவக்குத் தொழிலின் பெரு நிலையம் பேர்மிங்காம் நகரம். அங்கு ஒரு துவக்கை ஒருவர் செய்ததில்லை. குழலை உருக்கி ஒட்டுபவர், துளையிடுபவர், பூட்டை அராவுபவர், மரப்பிடி பொருத்துபவர், மெருகிடுபவர், சித்திரம் பொறிப்பவர் எனத் தொழில் கூறுகூறாய்ப் பிரிந்திருந்தது. சிறு சிறு பட்டறைகளிலே, வேலைக்கேற்ற கூலிக்கு அவர்கள் உழைத்தனர். இவ்வாறு முடிந்த துவக்குகள் பல, வேறு ஊர்க் கடைக்காரரிடம் சென்றன. அக்கடைக்காரரின் பெயரே குழலின் மேல் அழகிய எழுத்துகளிற் பொறிக்கப்பட்டது. அப்பெயரைச் செதுக்கிய தொழிலாளியின் பெயரோ எங்கும் இல்லை. அந்நகரின் துவக்குகள் ஆபிரிக்காவிலே அடிமை வாணிபத்துக்கும் பண்டமாற்றுப் பொருளாயின என்பதையும் நாம் மறத்தலாகாது.

செப்பனிடும் வேலையை அறிந்தால், அம்மறதி எத்துணை அநீதியானது என்பது தெளிவாகும். இரும்பையும் உருக்கையும் கீற்றுகளாய் முறுக்கி ஒட்டிய பழைய குழல்கள் கரும்பொடி மருந்துக்கென ஆக்கப்பட்டவை. எனவே, முதலில் அவற்றின் சுவர்த் தடிப்பு அளக்கப்படும். பெரிய திருத்தம் செய்யப்பட்ட குழல் சோதனைச் சாலையிலே மிகை அழுத்தமுள்ள தோட்டாவால் மீண்டும் சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். பேர்மிங்காமின் சோதனைச் சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆடும் மூட்டை இறுக்குபவர், விளக்குப் புகைக்கரியைப் பூசி, கரி படிந்த இடத்தை மட்டும் மயிரிழை மயிரிழையாக அராவுவார். பூட்டுத் தகட்டின் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருப்பதால் உளி அதிற் பற்றாது. அதனைக் காய்ச்சி இளக்கிய பின்னரே, சிறு சுத்தியாலும் சிற்றுளியாலும் நாயின் உருவம் வெட்டப்படும். காதின் மடிப்பு, உரோமத்தின் போக்கு, கண்ணின் ஒளி எல்லாம் கோடுகளாலும் புள்ளிகளாலும் அமையும். ஒரு வெட்டுத் தவறினால் அதை அழித்தல் அரிது. பின் எலும்புக் கரியிற் புதைத்துச் சூடேற்றி நீரில் அமிழ்த்த, தகடு மீண்டும் கடினமாகி நீலமும் பழுப்பும் கலந்த நிறம் பெறும். நாயின்மேல் உரிமையாளர் கொண்ட அன்பு, இவ்வாறு வேறொருவரின் உழைப்பாலேயே கண்ணுக்குப் புலனாகின்றது.

இவ்வரலாறு நம் நாட்டுக்கும் புறம்பானதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர், மலைக்காடுகளில் நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடினார். தம் வேட்டை நூலிலே கில்பக், ஸ்மட், பிரான் எனத் தம் நாய்களைப் பெயர் சொல்லிப் போற்றினார். அதே காலத்திலே, அதே மலைகளின் கோப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளர் பலர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. நாய்க்குப் பெயர் கிடைத்தது குற்றமன்று. மனிதருக்குக் கிடைக்காமையே குற்றம்.

20ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பொறிப்பாளர் சிலர் தம் வேலையிலே தம் பெயரையும் இடலாயினர். பேர்மிங்காமின் துவக்குத் தொழிலாளர் வட்டாரத்திற் பெரும்பகுதி 1960களிலே நகரச் சுற்றுவீதிக்காக இடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும், பழந்துவக்கின் பூட்டைக் கழற்றிப் பார்த்தால், உட்புறத்திலே, வாங்கியவர் காணாத இடத்திலே, தொழிலாளி அடித்த பெயரெழுத்துகள் சிலவேளைகளிற் காணப்படும். ஆசிரியரும் மாணவரும் நூதனசாலையிலே ஒரு பொருளின் முன் நிற்கும்போது, வெளிப்புறத்துச் சித்திரத்தை வியந்ததோடு நின்றுவிடாது, அந்த உட்புறத்தையும் தேடவேண்டும். சமூக வரலாறு தொடங்கவேண்டிய இடம் அதுவே.