தண்ணீர் குடிக்கும் வண்டிகள்

கல்லாறு தாண்டி மலை ஏறும் நீராவி ரயில் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் குன்னூர் சேரும். அதைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பக்கத்துச் சாலையில் கார்களும் லாரிகளும் வெகுகாலம் அதேபோல நின்று நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் ஏறின. மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவிடம் தொழில் பழகியவன் என்ற உரிமையில் அந்தக் கதையை நான் எழுதுகிறேன்.

பர்லியாறில் வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, நனைத்த சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடிமேல் வைத்துத் திருகுவார்கள். ஆவி சீறி அடங்கியதும் தண்ணீர் விடுவார்கள். அம்பாசடர் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு கேன் எப்போதும் இருக்கும். காலையில் ஒரு சொம்பு தண்ணீர் குறைந்திருந்தால் அதை யாரும் கோளாறாக நினைத்ததில்லை. ஓவர்ஃப்ளோ குழாய் நேராகத் தரையைப் பார்த்திருந்த காலம் அது. சூட்டில் விரிந்த தண்ணீர் ரோட்டில் கொட்டும். இன்ஜின் ஆறியதும் மட்டம் இறங்கியிருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடும். டிரைவர்கள் இந்தக் கணக்கைப் படித்ததில்லை. ஆனால் மேலே போகப் போக வண்டி சீக்கிரம் 'பாயில்' ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தண்ணீரை இழப்பது காரோடு கூடப் பிறந்த குணம். கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில், தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் இன்ஜினைக் குளிர்விக்கும் வழி. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, மகன்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வகை வண்டியை ஓட்டிப் போனார். வழி நெடுகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போக முடிந்தது. அடுத்த நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் வில்ஹெல்ம் மேபாக், மெர்சிடிஸ் 35 எச்.பி. வண்டிக்காக 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்தார். கொஞ்சம் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பெரிய இன்ஜினை ஆற்ற முடிந்தது. ஒவ்வொரு குழாயின் இரண்டு முனையையும் பற்றவைத்தாக வேண்டும். கசிவதற்கும் அத்தனை இடங்கள் உண்டாயின. பெரியப்பாவின் பிழைப்பு அந்த முனைகளில் இருந்தது.

பட்டறையில் இடுப்பளவு சிமென்ட் தொட்டி ஒன்று. பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போல, ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் வைத்து அடைத்துத் தொட்டியில் அமிழ்த்தி, கைப்பம்பால் காற்று அடிப்பார். பெரிய ஓட்டை உடனே கொப்புளிக்கும். மெல்லிய ஓட்டை அப்படியில்லை. ஒரு குமிழி ஊறி, குழாய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நாம் கண்ணை எடுக்கும் நேரத்தில் விட்டு மேலே வரும். அதற்காக அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். இடத்தைக் கண்டதும் ஆணியால் கீறிவைத்துக்கொண்டு, சுரண்டி, ஆசிட் தொட்டு, ஈயம் வைப்பார். வழியில் மஞ்சள் தூள் கரைத்து ஊற்றிச் சமாளித்து வந்த வண்டிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. மஞ்சள் ஓட்டையை அடைக்கும், ஊர் வந்து சேரலாம். ஆனால் ரேடியேட்டர் கோரின் நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். அடிமூடியைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க ஒரு நாள் போய்விடும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதுமாதிரி வண்டிகளில் அழுத்த மூடியும் ரிசர்வ் டேங்கும் சேர்ந்து, விரிந்து வழியும் கூலன்ட்டைப் பிடித்துவைத்து, இன்ஜின் ஆறியதும் திரும்ப உறிஞ்சிக்கொண்டன. மூடி தாங்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். மலைச்சாலையில் ஆவி சீறுவது குறைந்துபோனது. என்னைக் கேட்டால், மெதுவான கசிவு என்ற நோய் அப்போதுதான் பிறந்தது. சொட்டும் குறையக் கூடாத வண்டியில்தானே குறைவது கணக்கில் வரும்? டேங்கின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவே வாரம் ஒரு விரற்கடை இறங்கினால் ஏதோ ஒன்று நடக்கிறது என்று அர்த்தம்.

அதைத் தேடுவதையும் பெரியப்பாவே சொல்லிக்கொடுத்தார். "கொட்டுற எடம் வேற, கசியற எடம் வேற கண்ணு. மேல இருந்து பாரு" என்பார். ஃபேன் காற்று சொட்டை எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விடும். இன்ஜினைத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இணைப்புகளில் குட்டிக்கூரா பவுடர் தட்டி ஓடவிடுவார். ஈரம் பவுடரில் கோடு போட்டுக் காட்டும். சூடான பாகத்துக்கு அருகில் கசிந்தால் ஈரமே இருக்காது, உடனே காய்ந்துவிடும். வெறும் தண்ணீர் விட்டிருந்தால் வெள்ளையாக உப்புப் படியும். கூலன்ட் என்றால் அதன் நிறத்திலேயே பொருக்கு தட்டியிருக்கும். வாட்டர் பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே தெரியட்டும் என்றே கம்பெனிக்காரன் வைத்தது. துளைக்குக் கீழே கறை இருந்தால் பம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

வெளியே ஒன்றும் அகப்படாவிட்டால் சந்தேகம் உள்ளே போகும். ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோலப் பளிச்சென்று இருக்கும். நீல மருந்து நிரப்பிய குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே நிற்கும் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இப்போது உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். ஹெட்டை இறக்கும் செலவு பெரிது என்பதால், இதைச் செய்யாமல் யாருடைய ஹெட்டையும் நான் தொடுவதில்லை.

அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் வந்தபின் ஈயம் வைக்கும் வேலை பெரும்பாலும் போய்விட்டது. டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்கள்தான் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தன. புதிய கசிவுகளை அந்த பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில்தான் அதிகம் காண்கிறேன். சூட்டில் விரிந்து மூடிக்கொள்ளும், குளிரில் சுருங்கித் திறக்கும். ஓட்டி வந்த சூட்டோடு பார்த்தால் சுத்தமாக இருக்கும். அதனால்தான் வண்டியை ராத்திரி விட்டுப் போகச் சொல்கிறேன். விடியற்காலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன், மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பேன்.