கட்டடப் பொருள்களின் மின்தடை அளவீடு

கான்கிரீட், செங்கல், வெட்டுகல், மரம் முதலிய மின்சாரத்தை எளிதில் கடத்தாத கட்டடப் பொருள்கள் மின்னோட்டத்தை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்பதை அளந்தறியும் முறை இது. நீளத்துக்கும் குறுக்குப் பரப்புக்கும் ஏற்ப மின்தடை மாறுவதால், அவ்விரண்டின் விளைவையும் நீக்கிப் பொருளின் இயல்பை மட்டும் காட்டும் ‘மின்தடை எண்’ ஓம்-மீட்டரில் குறிக்கப்படுகிறது. வெப்பக்கலனில் முற்றிலும் உலர்த்திய கான்கிரீட்டில் இவ்வெண் நூறு கோடி ஓம்-மீட்டரை எட்டக்கூடும். நீர் ஊறிய கான்கிரீட்டில் நூறு ஓம்-மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே, பெயரளவில் பொருளை அளந்தாலும், உண்மையில் அளக்கப்படுவது அதன் நுண்துளைகளில் தேங்கிய நீரும் உப்புமே.

இங்கிலாந்துப் பொறியாளர் சிட்னி எவர்ஷெட் 1889இல் மின்காப்பைச் சோதிக்கும் கருவியை உருவாக்கினார். 1903இல் ‘மெக்கர்’ என்னும் பெயர் பெற்ற அவ்வகைக் கருவியை மின்பணியாளர்கள் இன்றும் கையாள்கின்றனர். மிக உயர்ந்த தடைகளுக்கு ஏற்ற அக்கருவி நேர்த்திசை மின்னோட்டத்தைச் செலுத்துவதால், ஈரக் கான்கிரீட்டில் மின்வாய்களை ஒட்டி அயனிகள் திரண்டு, அளவீடு பொய்த்துவிடும். அமெரிக்கத் தரநிர்ணயப் பணியகத்தின் ஃபிராங்க் வென்னர் 1915இல் மண்ணுக்காக வகுத்த நான்கு மின்வாய் முறை மாறுதிசை மின்னோட்டத்துடன் சேர்ந்தபோதுதான் இதற்கு வழி பிறந்தது. சம இடைவெளியில் நிற்கும் நான்கு மின்வாய்களில் வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செல்ல, உள் இரண்டுக்கிடையே மின்னழுத்தம் அளக்கப்படுவதால், தொடுமுனைகளின் தடை கணக்கில் கலப்பதில்லை. இடைவெளி 5 செ.மீ. ஆகவும், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த ஈவு 200 ஓமாகவும் இருப்பின், அதை இடைவெளியின் 2π மடங்கான 31.4ஆல் பெருக்க, 6,280 ஓம்-செ.மீ., அதாவது ஏறத்தாழ 63 ஓம்-மீட்டர் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகள் போன்றவற்றுக்கு எர்த் அமைக்குமுன் மண்ணை ஆராயவும் இம்முறையே ஏற்றது.

உப்பினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகள் துருப்பிடித்துப் பாலங்கள் சிதைந்த பிறகே, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இவ்வளவீடு கட்டடத் துறையில் வேரூன்றியது. 20,000 ஓம்-செ.மீ.க்கு மேல் துருவின் வேகம் குறைவு என்பதும், 5,000க்குக் கீழ் மிக அதிகம் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட வரம்புகள். தமிழகத்தில் 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உள்ள தன் மையத்தின் வழியாகக் கடற்கரைச் சூழலில் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வளவீட்டைப் பொருள்கொள்வது எளிதன்று. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இங்குப் பெய்வதோடு, உப்புக்காற்றும் வீசுவதால், கடலோரச் சுவர் ஒன்றில் கோடையில் எடுத்த எண்ணும் மழைக்காலத்தில் எடுத்த எண்ணும் பெரிதும் வேறுபடும். வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் மாறினாலே மின்தடை எண் 3 முதல் 5 விழுக்காடு வரை மாறக்கூடும். நாளும் வெப்பநிலையும் குறிக்கப்படாத அளவீட்டை நம்பிப் பழுதுபார்ப்பை முடிவுசெய்வது தவறு. 133 அடித் திருவள்ளுவர் சிலைக்குத் துருவின் வேகம் பற்றி மேலே கூறிய வரம்புகள் பொருந்தா, ஏனெனில் அது கம்பியிட்ட கான்கிரீட் அன்று, கருங்கல். 1966இல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நிலை வேறு; நீர் ஓடும் தொட்டியின் கான்கிரீட் ஈரம் ஊறியிருப்பின் தாழ்ந்த எண்ணே காட்டும் என்றாலும், உப்பு புகாமலும் கம்பியை ஆக்சிஜன் எட்டாமலும் இருக்கும்வரை அதைத் துருவின் சான்றாகக் கொள்ள இயலாது என்பதால், கம்பியின் மின்னழுத்தத்தையும் குளோரைடு அளவையும் உடன் அளந்த பின்னரே பொறியாளர் முடிவுக்கு வருவர்.