செய்யாற்று நீரும் விண்மீன் முகிலும்

காவாந்தண்டலம் செய்யாற்றங்கரை ஊர். மழைக்காலத்தில் இங்கே ஓடிவரும் ஆறு பிறப்பது ஜவ்வாது மலையில். காவலூர் வானாய்வகம் இருப்பதும் அதே மலைத்தொடரில்தான், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களைப் பார்த்துவருகிறது. மலையிறங்கும் நீரும் விழுகிறது. தன் ஈர்ப்பாலேயே சுருங்கி விண்மீனாகும் வாயு முகிலும் விழுகிறது. ஈர்ப்புக்கும், ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவான என்ட்ரோபிக்கும் என்ன உறவு என்பதை இந்த இரண்டு வீழ்ச்சிகளிலும் பார்க்கலாம்.

ஆற்றின் கணக்கு எளிது. நீர் 427 மீட்டர் இறங்கி, அதன் நிலையாற்றல் முழுதும் வெப்பமானால், நீர் 1 டிகிரி சூடாகும். அந்தச் சூடு மணலிலும் காற்றிலும் பரவிவிடும். அதைத் திரட்டி நீரை மறுபடி மலையேற்ற முடியாது. மொத்த என்ட்ரோபி குறையாது என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதைத் தடுக்கிறது.

முகிலில்தான் பலருக்குக் குழப்பம். அறைக்குள் விட்ட வாயு பரவும்போது என்ட்ரோபி கூடுகிறது. முகிலோ திரள்கிறது. அப்படியானால் ஈர்ப்பு அந்த இரண்டாம் விதியை மீறுகிறதா? இல்லை. திரளும் பொருளைப் பார்ப்பவர்கள் வெளியேறும் ஒளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுருங்கும்போது விடுபடும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி முகிலைச் சூடாக்குகிறது. மறுபாதி ஒளியாகப் போய்விடுகிறது. முகில் இழக்கும் என்ட்ரோபியைவிட அந்த ஒளியால் வெளியில் கூடும் என்ட்ரோபி அதிகம்.

வேறுபாடு இதற்குப் பிறகு வருகிறது. வெப்பத்தை இழந்தால் ஆற்றுநீர் குளிரும். முகில் வெப்பத்தை இழக்க இழக்க மேலும் சுருங்கி, மேலும் சூடாகும்! இயற்பியலில் இதைவிட என்னை வியக்கவைத்தது வேறில்லை. சூரியனின் மையம் அணுக்கருக்கள் இணையும் அளவுக்குக் கொதித்தது இப்படித்தான். இன்று அங்கே சுமார் 1.5 கோடி டிகிரி.

விண்மீனின் எரிபொருள் தீர்ந்தபின் என்ன ஆகும்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அந்தக் கணக்கில்தான் மூழ்கியிருந்தார். எஞ்சிய நிறை சூரியனைப்போல் 1.4 மடங்குக்குள் இருந்தால், நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தமே விண்மீனைத் தாங்கும். அதற்கு வெப்பம் தேவையில்லை. வெண்குள்ளன் எனப்படும் அந்த விண்மீன் ஆற்றுநீரைப் போலவே ஆறி அடங்கும்.

எஞ்சிய நிறை இந்த வரம்பை வெகுவாகத் தாண்டினால் வீழ்ச்சி கருந்துளையில் முடியும். கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டு, அது அதன் பரப்பளவைப் பொறுத்தது என்று 1972-ல் ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் முன்மொழிந்தார். சூரியனின் நிறையுள்ள ஒரு கருந்துளையின் என்ட்ரோபி, சூரியனுடையதைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக் கோடி மடங்கு.